காட்டு உயிர்களை ஏன் காப்பாத்தணும்? சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு அஸ்தம்பட்டி டீக்கடையில் நின்றால் யாராவது ஒருவர் பேச்சுக் கொடுக்காமல் விடமாட்டார். பதினைந்து வருஷமாக அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. வெளியாட்கள் மட்டுமில்லை, சொந்தக்காரர்களும் கேட்கிறார்கள். பெரியம்மாவுக்கு வாழப்பாடி பக்கம் மக்காச்சோளம், மாமாவுக்கு ஏற்காடு நாகலூரில் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். ரெண்டு பேருக்குமே மிருகங்கள் மேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. அவர்கள் கேட்டதையும் விடாமல் சேர்த்திருக்கிறேன், கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

வனவிலங்குன்னா புலி, யானைதானே? நம்ம சேலத்துல அப்படி என்ன இருக்கு?

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் புலி, யானையை எதிர்பார்த்துப் போக வேண்டாம். ஆனால் காட்டெருமை இருக்கிறது. கூட்டமாகவே இருக்கிறது. வளர்ந்த கடா ஒன்று ஆயிரம் கிலோவை நெருங்கும், கிட்டத்தட்ட ஒரு மாருதி காரின் எடை. தமிழ்நாட்டின் மாநிலப் பறவையான மரகதப்புறா காப்பித் தோட்டங்களில் தரையோடு தரையாக மேய்வதை அமைதியாக நின்றால் பார்க்கலாம். அப்புறம் மரநாய், அழுங்கு (எறும்புதின்னி), முயல், கீரி, உடும்பு. கீழே சமவெளிக் கரடுகளில், அதாவது சின்னப் பாறைக் குன்றுகளில், வங்கா நரி என்கிற சின்ன நரி.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பெருமை சின்னதுகளில்தான். சேர்வராயன் மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு மண்பாம்பு இங்கே இருக்கிறது. 1863லேயே பெயர் வைத்துவிட்டார்கள். வால் நுனி வெட்டிவிட்டது போலச் சொரசொரப்பாக இருக்கும், ஈர மண்ணுக்குள் மண்புழு தின்று வாழும், விஷம் கிடையாது. 2000ஆம் வருஷம் அறிவியலுக்குப் புதிதாக ஒரு பல்லி கிடைத்தது, அதன் அறிவியல் பெயரிலேயே ஏற்காடு இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லாத அந்தப் பல்லியைப் பற்றிச் சொன்னால் டீக்கடையில் யாரும் மதிப்பதில்லை, பரவாயில்லை.

சரி, இதெல்லாம் இல்லாமப் போனா நமக்கு என்ன நஷ்டம்? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு ஒரு காலத்தில் இந்தியா முழுக்கக் கோடிக்கணக்கில் இருந்தது. செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் கூட்டமாக இறங்கி, கொஞ்ச நேரத்தில் எலும்பை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போய்விடும். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. 1990களில் அவை கொத்துக் கொத்தாகச் சாக ஆரம்பித்தன. காரணம் 2004இல்தான் தெரிந்தது: மாட்டுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போதே செத்த மாட்டைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு வகைப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் காணாமல் போனது. 2006இல் மாட்டுக்கு அந்த மருந்தைப் போடக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது.

அதற்குள் பிணங்கள் அழுகிக் கிடந்தன, நாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி கூடியது, தண்ணீர் கெட்டது. பாறு இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்ட பொருளாதார ஆய்வு ஒன்று 2024இல் வெளிவந்தது. 2000 முதல் 2005 வரை மட்டும் கூடுதலாகச் செத்தவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர் என்றது அது. மனிதர்கள்! ஒரு அசிங்கமான பறவை, யாரும் காலண்டரில் படம் போடாத பறவை, அது செய்த வேலையை அது போன பிறகுதான் எண்ணிப் பார்த்தோம்.

அது வடநாட்டுக் கதைங்க. நம்ம ஊருல யாரு என்ன வேலை செய்யுது?

முழுக்க வடநாட்டுக் கதை இல்லை. தமிழ்நாட்டிலும் இன்றைக்குப் பாறு பார்க்க வேண்டுமென்றால் நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும். இருந்தாலும் கேட்டது நியாயம், மாமா தோட்டத்திலிருந்தே சொல்கிறேன்.

மாசி, பங்குனியில் ஒரு மழை பெய்யும், பூ மழை என்போம். அது பெய்த ஒன்பது பத்து நாளில் காப்பிச் செடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகைத் தோட்டத்துக்குள் நிற்கிற மாதிரி வாசம். அந்த ரெண்டு மூன்று நாள் காலையில் தோட்டத்துக்குள் போனால், எங்கோ மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் தடவை நான் பம்ப் செட் என்றே நினைத்தேன். மலைத்தேனீ. அராபிகா காப்பி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், ஆனாலும் தேனீ வந்தால் காய்ப்பு கூடும். ரொபஸ்டாவுக்கு ஒரு செடியின் மகரந்தம் இன்னொரு செடிக்குப் போயே ஆக வேண்டும். மலைத்தேனீயைப் பெட்டியில் வைத்து வளர்க்க முடியாது. உயரமான மரமும் பாறையும் இருந்தால்தான் அடை கட்டும்.

காய் பழுத்தால் மரநாய் வரும். நல்ல பழமாகப் பார்த்துத் தின்னும், கொட்டையைப் பாறை மேல் கழித்துவிட்டுப் போகும். மாமா திட்டுவார். ஆனால் அதே மரநாய்தான் ஆலம்பழத்தையும் அத்திப்பழத்தையும் தின்று விதையைக் கொண்டுபோய் ஊன்றுகிறது. காப்பித் தூர் துளைக்கும் புழுவை மரங்கொத்தி தேடித் தின்கிறது. சமவெளியில் எலியைப் பிடிக்க நரி, ஆந்தை, சாரைப்பாம்பு. பெரியம்மா வருஷா வருஷம் எலி மருந்துக்குக் கொடுக்கிற காசை நினைத்தால் ஆந்தைக்கு ஒரு கூடு கட்டித் தரலாம்.

காட்டுக்கும் சேலத்துத் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்? மழை பெய்ஞ்சா தண்ணி வரும், அவ்வளவுதானே?

சேலத்துக்குள் ஓடும் திருமணிமுத்தாறும் ஓமலூர் பக்கம் போகும் சரபங்காவும் சேர்வராயன் மலையிலிருந்து வருகிறவை. மொட்டை மலையில் பெய்கிற மழை ரெண்டு மணி நேரத்தில் மண்ணையும் அடித்துக்கொண்டு கீழே வந்துவிடும். இலைச் சருகும் வேரும் பிடித்திருக்கிற சரிவில் அதே மழை ஊறி, மாதக்கணக்கில் கசிந்து வரும். அந்த மரங்களில் பலவற்றை நட்டது யார் என்று முந்தின பதிலில் சொல்லிவிட்டேன். திருமணிமுத்தாறு ஊருக்குள் வந்த பிறகு என்ன கதிக்கு ஆளாகிறது என்பது வேறு சமாச்சாரம், அதற்கு மரநாயைக் குறை சொல்ல முடியாது.

காட்டெருமை தோட்டத்துக்குள்ளயே வந்து நிக்குது. உங்களுக்குப் பாக்க அழகா இருக்கும், எங்களுக்கு உசுரு பயம். இதையும் காப்பாத்தணுமா?

இது மாமாவின் கேள்வி. அவர் பயம் எனக்குப் புரியும். ஒரு மார்கழி விடியலில் அவரோடு தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோது, பனியில் ஒரு பாறை என்று நினைத்தது புஸ்ஸென்று மூச்சு விட்டது. இருபது அடிதான். கறுத்த உடம்பு, முட்டி வரை வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி கால்கள். மாமா என் சட்டையைப் பிடித்துப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வந்தார், முதுகைக் காட்டவே இல்லை. அதுதான் சரியான முறை. ஓடக்கூடாது, கத்தக்கூடாது, கல்லெறியக்கூடாது, அது போவதற்கு வழி விட வேண்டும். பெரும்பாலும் அது தானாகவே விலகிப் போய்விடும். தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் திரும்பி உடம்பைக் காட்டினால் எச்சரிக்கிறது என்று அர்த்தம்.

அது ஏன் தோட்டத்துக்கு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். புல்வெளி இருந்த சரிவுகளில் உண்ணிச்செடி (லான்டானா) மண்டிவிட்டது, அதை எந்த மாடும் தின்னாது. சுனைகளைச் சுற்றி ரிசார்ட்டும் வேலியும் வந்துவிட்டன. கோடையில் சரிவு எரிந்தால் மிச்சமிருக்கிற பச்சையும் தண்ணீரும் காப்பித் தோட்டத்தில்தான். சுட்டுத் தீர்க்கலாம் என்றால், 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற மிருகம் அது, வருஷக்கணக்கில் ஜெயில். உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்காகச் செய்தது மட்டும் குற்றமாகாது. உண்ணிச்செடியை அழித்துப் புல்லைத் திரும்பக் கொண்டுவருவது மெதுவான வேலை, ஆனால் மாமாவின் பயத்துக்கு அதுதான் மருந்து என்று நான் நினைக்கிறேன். மாமாவுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

மயில் தேசியப் பறவைதான், ஒத்துக்கறேன். ஆனா விதைச்ச சோளத்தை பூரா பொறுக்கிட்டுப் போகுதே, இதுக்கு என்னடா சொல்ற?

இது பெரியம்மா. நியாயமான ஆத்திரம். விதைத்த மறுநாள் காலையில் பதினைந்து மயில் வரிசையாக நடந்து ஒவ்வொரு குழியாகக் கிளறிப் போவதை நானே பார்த்திருக்கிறேன், யாரோ கூலிக்கு ஆள் விட்ட மாதிரி ஒழுங்காக. நஷ்ட ஈட்டுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தார், செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

மயில் இவ்வளவு பெருகியதற்கு ஒரு காரணம், அதை அடக்கி வைத்தவர்களை நாம் இல்லாமல் பண்ணியது. மயில் தரையில்தான் முட்டையிடும். அந்த முட்டையை நரியும் கீரியும் உடும்பும் தேடித் தின்னும். உடும்பைக் கறிக்குப் பிடித்தோம், கீரியை முடிக்குப் பிடித்தோம், நரி குடியிருந்த கரடுகளை பிளாட் போட்டோம். நெல்லில் விஷம் கலந்து வைத்தால் மயில் மட்டும் சாகாது. அந்த நெல்லைத் தின்ற புறா, கவுதாரி, செத்ததைத் தின்ற நரி எல்லாம் போகும், மறுபடி மயில்தான் மிஞ்சும். விதைத்து முளை வரும் வரை பத்து நாள் காவல் இருப்பதுதான் வழி. தினைப்புனத்தில் பரண் கட்டிக் கிளி ஓட்டிய பரம்பரைதானே நாம் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். "அப்ப நீ வந்து ஓட்டு" என்றார். ரெண்டு நாள் போனேன். மூன்றாம் நாள் ஆபீஸ்.

பொங்கலுக்கு நரி புடிக்கறது எங்க ஊரு வழக்கம். கொல்றதில்லை, சாமி கும்பிட்டுட்டு விட்டுடறோம். இதுல என்ன தப்பு?

வெளியூர்க்காரர்களுக்காக: வாழப்பாடி வட்டாரத்தில் சில ஊர்களில் தை மாதம் கரட்டில் வலை போட்டு வங்கா நரியைப் பிடித்து, கோயிலுக்குக் கொண்டுவந்து, காலில் கயிறு கட்டிக் கூட்டத்துக்கு நடுவே ஓடவிடுவார்கள். வங்கா நரி ஜல்லிக்கட்டு என்று பெயர். நரி முகத்தில் விழித்தால் அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. சட்டப்படி தடை, அபராதமும் போட்டிருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கையை நான் கிண்டல் செய்ய மாட்டேன். நரி இருக்கிற ஊரில் எலி குறைவாக இருக்கும், விளைச்சல் நன்றாகவே இருக்கும், அந்தக் காலத்தில் யாரோ இதைக் கவனித்துத்தான் ஆரம்பித்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஆனால் காலத்தைப் பாருங்கள். மார்கழி, தை என்பது வங்கா நரி ஜோடி சேர்ந்து பெட்டை சினையாக இருக்கிற நேரம். அது பூனையை விடக் கொஞ்சம் பெரிய பிராணி, மேளச் சத்தத்திலும் கூட்டத்திலும் இழுபட்டுத் திரும்பி வங்குக்குப் போனால் குட்டி தங்குமா? கொல்லவில்லை என்பது சரி. விட்ட பிறகு என்ன ஆனது என்று பின்னால் போய்ப் பார்த்தவர் யாருமில்லை. அதே நாளில் விடியற்காலை கரட்டு ஓரம் போய் நின்று நரியை அதன் இடத்தில் பார்த்தாலும் அதன் முகத்தில் விழித்ததாகத்தானே கணக்கு?

காட்டுப்பன்னிக்கு கரண்ட் கம்பி இழுத்தா என்ன? எங்க பட்டா நிலம், எங்க கரண்டு.

2023 மார்ச்சில் பக்கத்துத் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப் பன்றிக்கு இழுத்த கம்பியில் மூன்று யானைகள் செத்தன. ரெண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். கம்பிக்குப் பன்றி, யானை, பக்கத்துக் காட்டுப் பையன் என்று வித்தியாசம் தெரியாது. (பக்கத்துக் காடு என்றால் பக்கத்து வயல். எங்கள் பக்கம் வயலுக்குப் போவதையே காட்டுக்குப் போவது என்போம்.) சோலார் வேலி வேறு, அது விட்டு விட்டு ஷாக் அடித்து விரட்டும், கொல்லாது. அதற்கும் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2023இல் விதி வந்துவிட்டது. பன்றி விஷயத்தில் அரசாங்கமே கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாம் என்று 2025இல் முடிவானது. சுடுவது அவர்கள், நீங்கள் இல்லை.

ஏற்காடு ரோட்டுல குரங்குக்குப் பொரி, பழம் போடறது புண்ணியம்தானே?

புண்ணியக் கணக்கு எனக்குத் தெரியாது. இருபது கொண்டை ஊசி வளைவிலும் குரங்கு ரோட்டோரம் உட்கார்ந்திருப்பதற்கு நாம் போடும் சிப்ஸ்தான் காரணம். காட்டுக்குள் நாவலும் அத்தியும் தின்று விதை துப்பிக்கொண்டிருக்க வேண்டியது, கார் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நிற்கிறது, வளைவில் திரும்பும் வண்டியில் அடிபடுகிறது, கொடுக்காத குழந்தையைப் பிறாண்டுகிறது. குழந்தை கையிலிருந்து பிடுங்கிய பிஸ்கட்டைக் கவரோடு மெல்லும் குட்டியைப் பார்த்தபோது எனக்குப் பக்தி வரவில்லை.

கிளி வளர்க்கறது குத்தமாமே? கடையில விக்கறாங்களே!

கடையில் வெளிப்படையாகக் கலர் கலராக விற்பது லவ் பேர்ட்ஸ், வெளிநாட்டுப் பறவை. நம்முடைய பச்சைக்கிளி, அதாவது கழுத்தில் வளையம் போட்ட கிளி, பனைமரப் பொந்திலிருந்து குஞ்சாகத் திருடப்பட்டது. அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். வீட்டில் ஏற்கனவே இருந்தால் ஜன்னலைத் திறந்து விட்டுவிடாதீர்கள், இறக்கை வெட்டிய கிளி ஒரு நாள் தாங்காது, காக்காயும் பூனையும் விடாது. வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

மண்ணுளிப்பாம்பு பத்து லட்சம் போகுதாமே, நிஜமா?

பொய். வால் தலை மாதிரி மழுங்கலாக இருப்பதால் இருதலைப் பாம்பு என்கிறார்கள். இதில் காசு பார்த்தவர்கள் இதை நம்பியவர்களிடம் அட்வான்ஸ் வாங்கியவர்கள் மட்டும்தான். அது எலி தின்னும் அப்பாவிப் பாம்பு. முதல் பதிலில் சொன்ன மலை மண்பாம்பும் இந்தக் குழப்பத்தில் மாட்டி அடிபடுகிறது.

அப்ப வீட்டுக்குள்ள நல்லபாம்பு வந்தாலும் கும்பிட்டு நிக்கணுமா?

வேண்டாம். தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே 101க்குப் போன் போடுங்கள், தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள். கட்டையை எடுத்துக்கொண்டு கிட்டே போவதுதான் கடி வாங்கும் வழி. கடித்துவிட்டால் மந்திரம், பச்சிலை, பிளேடால் கீறுவது எதுவும் வேண்டாம், நேராக அரசு ஆஸ்பத்திரி.

உயிரினம் அழியறது இயற்கைதானே சார்? டைனோசர் அழியலையா? (பிளஸ் டூ பையன்)

நல்ல கேள்வி. அழிவது இயற்கை, உண்மை. வேகம்தான் பிரச்சினை. இப்போது உயிரினங்கள் மறையும் வேகம் இயல்பை விட நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை அதிகம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். தாத்தா சாவது இயற்கை, ஒரே வாரத்தில் தெருவே காலியானால் இயற்கை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவோமா?

டைனோசர் போய் ஆறரைக் கோடி வருஷம் ஆகிறது. அந்த இடத்தை மற்றவை நிரப்பப் பல லட்சம் வருஷம் பிடித்தது. நமக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இந்தியாவில் சிவிங்கிப்புலி (சீட்டா) அற்றுப்போனதாக 1952இல் அறிவித்தோம். 2022இல் நமீபியாவிலிருந்து விமானத்தில் எட்டைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் விட்டோம். அதுவும் ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலி. இங்கே இருந்தது போனது போனதுதான்.

குறும்பப்பட்டி பூங்காவுல வச்சுப் பாத்துக்கிட்டா போதாதா?

அடிவாரத்துக் குறும்பப்பட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், நானும் போவேன். ஆனால் கூண்டு மான் விதை பரப்பாது, கூண்டு ஆந்தை பெரியம்மா வயலில் எலி பிடிக்காது. மூன்றாவது கேள்வியில் சொன்ன வேலைகள் எல்லாம் வெளியே இருந்தால்தான் நடக்கும். அடிபட்டதற்கு வைத்தியம் பார்க்கவும், மிச்சமிருக்கிற சிலவற்றைப் பெருக்கவும் பூங்கா வேண்டும்.

அப்ப மலையில இருக்கற மலையாளி சனங்களை வெளியேத்தணும்னு சொல்றீங்களா? மனுஷனா, மிருகமா?

சொல்லவே இல்லை. இந்தக் கேள்வி கேட்பவர்கள் சிலரிடம் மலையில் ரெண்டு பிளாட் இருக்கும் என்பது என் அனுபவம். மலையாளி என்றால் இங்கே கேரளத்துக்காரர் இல்லை, இந்த மலைப் பழங்குடி. சேர்வராயன் கோயிலில் வைகாசித் திருவிழா எடுக்கும் அந்த மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், காடும் அவர்களோடு இருந்திருக்கிறது. 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு நிலத்திலும் காட்டு விளைபொருளிலும் உரிமை கொடுக்கிறது, காட்டைக் காக்கும் உரிமையையும் சேர்த்துத்தான். மலையைக் குடைந்தது பாக்சைட் சுரங்கம். சரிவை வெட்டியது ரிசார்ட் ரோடு. கடுக்காய் பொறுக்குகிற பாட்டியைக் கைகாட்டுவது எந்த ஊர் நியாயம்?

நான் ஒருத்தன் என்ன பண்ணிட முடியும்?

பிப்ரவரி முதல் மே வரை மலைப்பாதையில் பீடி, சிகரெட் துண்டை வெளியே போடாதீர்கள். ராத்திரி வளைவில் மெதுவாகப் போங்கள், காட்டெருமைக்கு ரிப்ளெக்டர் கிடையாது. தோட்டம் வைத்திருந்தால் சில்வர் ஓக்கை மட்டும் நடாமல் நாலு அத்தி, நாலு பலா நடுங்கள். மாமா ஆறு நட்டார், அதில் நாலைக் காட்டெருமை தின்றுவிட்டது. மறுபடி நட்டிருக்கிறார், இந்தத் தடவை முள் கட்டி.

கடைசியா ஒண்ணு. ஏற்காட்டுல காட்டெருமையை எந்த இடத்துல பாக்கலாம்? லொக்கேஷன் அனுப்புங்க.

அனுப்ப மாட்டேன். போன வருஷம் ஒருத்தருக்கு அனுப்பினேன், அடுத்த ஞாயிறு அங்கே பதினோரு கார் நின்றது.